அசுசேனா: ஒரு பூவின் பெயர், இரண்டு தாய்மார்கள்



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பெயர். ஒரே ஒரு பெயர். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர். அசுசேனா.

பெயர் வைப்பதற்கென்று விற்கும் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: வெள்ளை லில்லி, தூய்மை, கன்னிமை. சரி, பொருள் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். கன்னிமைக்கு அடையாளம் என்று சொல்லப்படும் இந்தப் பூவின் பெயரை உலகம் மறக்காமல் வைத்திருப்பது யாரால்? இரண்டு தாய்மார்களால். ஒருத்தி நாடக மேடையில் பிறந்தவள், மற்றவர் அர்ஜென்டினாவின் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஒருத்தி தன் பிள்ளையைத் தன் கையாலேயே நெருப்பில் போட்டவள். மற்றவர் காணாமல்போன பிள்ளையைத் தேடிப் போய்த் தாமும் காணாமல் போனவர். இந்த இருவரிடமும் போய்ச் சேருவதற்குத்தான் இத்தனை பேச்சும்.

முதலில் உச்சரிப்பு. மாட்ரிட் நகரத்தில் இந்தப் பெயரைச் சொல்லும்போது நாக்கின் நுனி பல்லிடுக்கில் வந்து நிற்கும். நம் காதுக்கு அது 'அதுதேனா' என்று விழும். அது தேனா? தேன் இல்லை ஐயா, பூ! (சிரிப்பு) தெற்கே செவில் நகரத்திலும், கடல் கடந்து லத்தீன் அமெரிக்கா முழுவதிலும் 'அசுசேனா'. இத்தாலிய ஓபரா மேடையிலோ 'அட்சுச்சேனா'. நான் அர்ஜென்டினாக்காரர்கள் சொல்கிறபடியே சொல்லிக்கொண்டு போகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

இனி பூ. தாவரவியலில் இதற்கு லிலியம் கேண்டிடம் என்று பெயர். பால்கன் நாடுகளும் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையும் இதன் தாயகம். மண்ணுக்குள் கிழங்கு. கோடையின் தொடக்கத்தில் இடுப்பளவு, சில சமயம் அதற்கு மேலும், ஒரே தண்டு நிமிர்ந்து எழும்பும். அதன் உச்சியில் கொத்தாகப் பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆறு வெள்ளை இதழ்கள், நுனி மட்டும் பின்னால் வளைந்திருக்கும். நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள். வாசனை கொஞ்சநஞ்சம் இல்லை, அறை முழுவதும் நிறைந்துவிடும். இன்னொன்றும் உண்டு. அந்த மகரந்தம் துணியில் பட்டால் கறை லேசில் போகாது. அதனால்தான் பூக்கடைக்காரர்கள் லில்லியை விற்பதற்கு முன்னால் மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். தூய்மைக்கு அடையாளமாக நிற்கிற பூவே வெள்ளைத் துணியைக் கறையாக்கிவிடும்! பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள்தான் அடையாளங்களை உண்டாக்கினார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இந்தப் பூவைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறீர்களா? பார்த்திருக்கிறீர்கள். நம் ஊர்த் தேவாலயங்களில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கும் அந்தோணியார் சுரூபத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூங்கொத்து இருக்கும். சூசையப்பர் கையிலும் பல இடங்களில் அதே பூத்தண்டு. அதுதான் அசுசேனா. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு அதே பூ 'லீலிபுஷ்பம்' என்று பழக்கமாகியிருக்கும்.

ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போனபோது பூவின் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள். போன இடத்தில் அந்தப் பூ இல்லை. என்ன செய்வது? வெள்ளையாக, மணமாக, தண்டில் பூக்கும் வேறு பூவுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் இன்றும் அசுசேனா என்றால் நாம் நிலச்சம்பங்கி என்கிறோமே, அந்தப் பூ. மெக்சிகோவில் பிறந்து, உலகம் சுற்றி, நம் மாலைகளில் வந்து சேர்ந்த சம்பங்கி. அதே பிலிப்பைன்ஸில் நாய்க்கறிக்கும் கேலியாக இந்தப் பெயர் வழங்குகிறது. அவர்கள் மொழியில் 'அசோ' என்றால் நாய், ஸ்பானிய மொழியில் 'சேனா' என்றால் இரவுச் சாப்பாடு. சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பெண்ணுக்கு இந்தப் பெயரை வைக்க விரும்புகிறவர்கள் இந்தச் செய்தியை மறந்துவிடலாம்.

ஸ்பானியப் பெண் பெயர்களில் பூப்பெயர்கள் நிறைய. ஆனால் பூ மாதிரி தோன்றுகிற எல்லாமே பூ இல்லை. மார்கரிட்டா என்பது இன்றைக்கு ஒரு பூ, ஆனால் கிரேக்கத்தில் அதற்கு முத்து என்றே பொருள். ஓர்தென்சியா பூவுக்கு வெகு காலம் முன்பே ரோமாபுரியில் ஓர்தென்சியா என்ற பெண் இருந்தாள். கி.மு. 42இல் செல்வந்தப் பெண்கள்மீது வரி விதித்தபோது பொது மன்றத்தில் எழுந்து வாதாடியவள் அவள். தாலியா பூவுக்கோ ஸ்வீடனின் தாவரவியலாளர் ஆந்திரஸ் தால் என்ற ஆண்பிள்ளையின் பெயர்! அசுசேனா அப்படியில்லை. அது வேரிலிருந்தே பூதான். எத்தனை மொழி பின்னோக்கிப் போனாலும் பூதான்.

எத்தனை மொழி? வாருங்கள், பின்னோக்கி நடப்போம்.

கி.பி. 711இல் முஸ்லிம் படைகள் ஐபீரிய நிலத்தில் இறங்கின. 1492இல் கிரனாடா விழுகிறவரை அந்த நிலத்தில் ஏதாவது ஒரு மூலையில் அவர்கள் ஆட்சி இருந்தது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள். அந்த எண்ணூறு ஆண்டுகளில் ஸ்பானிய மொழியின் சமையலறையும் தோட்டமும் அரபுச் சொற்களால் நிரம்பின. சர்க்கரைக்கு அசூகார், எண்ணெய்க்கு அசெய்தே, பருத்திக்கு அல்கொதோன், ஆரஞ்சுப் பூவுக்கு அசாஹார். இவற்றின் தலையில் இருக்கும் 'அ', 'அல்' எல்லாம் அரபு மொழியின் முன்னொட்டு. அந்த முன்னொட்டோடு 'சூசன்' என்ற பூப்பெயர் சேர்ந்து அந்தலூசிய அரபு மொழியில் 'அஸ்ஸுஸானா' ஆயிற்று. அதுவே ஸ்பானியர் நாவில் அசுசேனா. அந்தலூசியக் கவிஞர்கள் பூக்களைப் பாடுவதற்கென்றே ஒரு தனிக் கவிதை வகை வைத்திருந்தார்கள். பூவைச் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை அவர்கள்.

அரபு மொழிக்கு எங்கிருந்து வந்தது? பாரசீகத்திலிருந்து. அங்கே சோசன். பக்கத்தில் எபிரெய மொழியில் ஷோஷானா. இன்னும் பின்னால் போனால், சொல்லாராய்ச்சி செய்தவர்கள் நைல் நதிக்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பழைய எகிப்திய மொழியில் தாமரைக்கு வழங்கிய சொல்லே இதன் மூலம் என்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே எபிரெய ஷோஷானா கிரேக்கம் வழியாக, லத்தீன் வழியாக, பைபிளோடு ஸ்பெயினுக்கு வந்து சுசானா ஆயிற்று. ஆக, ஒரே பூ இரண்டு பாதையில் பயணம் செய்து ஒரே நாட்டுக்கு வந்து சேர்ந்தது. ஒன்று தேவாலய வாசல் வழியாக, மற்றது அரபுத் தோட்டத்தின் வழியாக. ஒரே பள்ளிக்கூடத்தில் சுசானாவும் அசுசேனாவும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். இருவருக்கும் ஒரே பெயர் என்று வாத்தியாருக்கே தெரிந்திருக்காது!

அரபுத் தோட்டத்திலிருந்து வந்த இந்தப் பெயரைக் கிறிஸ்தவ ஸ்பெயின் ஒதுக்கவில்லை. எடுத்து மரியாளின் காலடியில் வைத்தது. தேவதூதர் கபிரியேல் மரியாளிடம் வந்து செய்தி சொல்லும் காட்சியை ஐரோப்பிய ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். தேவதூதர் கையில் வெள்ளை லில்லித் தண்டு, அல்லது இருவருக்கும் நடுவில் ஒரு ஜாடியில் லில்லி. ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பாதிரியாருக்கும் மரியா அசுசேனா என்றால் மறுத்துப் பேச வழியில்லை. புனிதையும் ஆயிற்று, பூவும் ஆயிற்று.

செவில் நகரத்தின் ஹிரால்தா கோபுரத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் கீழ்ப்பகுதி 12ஆம் நூற்றாண்டில் அல்மொஹத் அரசர்கள் கட்டிய பள்ளிவாசல் மினார். மேலே உள்ள மணிமாடம் 1558க்கும் 1568க்கும் இடையில் எர்னான் ரூயிஸ் என்ற கட்டடக்கலைஞர் ஏற்றிக் கட்டியது. அந்த மணிமாடத்தின் நான்கு மூலைகளிலும் வெண்கல ஜாடிகள். ஜாடிகளில் வெண்கலப் பூக்கள். செவில் மக்கள் அவற்றை அசுசேனாக்கள் என்றே சொல்கிறார்கள். அடியிலே அரபு மினார், உச்சியிலே தேவாலய மணி, மூலைக்கு மூலை மரியாளின் பூ. அந்தப் பூவுக்கு அரபுப் பெயர்! மினாரை இடிக்காமல் அதன்மேல் மணியைக் கட்டினார்கள், பெயரை மாற்றாமல் அதன்மேல் மரியாளை ஏற்றினார்கள். ஒரே கை செய்த வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

கவிஞர்கள் சும்மா இருப்பார்களா? 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களுக்குப் பெண்ணின் முகம் என்றால் ரோஜாவும் அசுசேனாவும்தான். கன்னத்துக்கு ரோஜா, நிறத்துக்கு அசுசேனா. கார்சிலாசோ தொடங்கிவைத்த இந்தச் சிவப்பு வெள்ளைக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் ஆளாளுக்குப் போட்டுப் பார்த்துச் சலிக்கச் செய்துவிட்டார்கள். துறவியாக வாழ்ந்த சிலுவையின் யோவான் மட்டும் தனியாக நிற்கிறார். அவருடைய 'இருண்ட இரவு' என்ற கவிதை அசுசேனாப் பூக்களுக்கு நடுவில்தான் முடிகிறது.

ஆக, 19ஆம் நூற்றாண்டுக்குள் நுழையும்போது இந்தப் பெயர் எப்படி இருந்தது? வெள்ளை. மேலும் வெள்ளை. கன்னி, ஜாடி, தேவதூதர், சிவந்த கன்னம். கறை ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் ஒரு இளைஞர் வந்தார்.

அன்டோனியோ கார்சியா குத்தியேரெஸ். 1813இல் காதிஸ் மாகாணத்தில் பிறந்தவர். எழுதிப் பிழைக்க மாட்ரிட் வந்தார், பிழைப்பு நடக்கவில்லை, படையில் சேர்ந்தார். அவர் எழுதிய 'எல் த்ரோவாதோர்' என்ற நாடகம் 1836 மார்ச் 1ஆம் தேதி மாட்ரிட்டில் மேடையேறியது. திரை விழுந்ததும் கூட்டம் எழுந்து நின்று, ஆசிரியரைக் காட்டு, ஆசிரியரைக் காட்டு என்று கூச்சல் போட்டது. ஸ்பெயினில் அதுவரை அப்படி ஒரு வழக்கமே இல்லை. படைவீரன் உடையில் இருந்த ஆசிரியருக்கு மேடையேறத் தகுந்த உடுப்புக்கூட இல்லை என்றும், இன்னொரு எழுத்தாளரின் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்து நின்றார் என்றும் சொல்வார்கள்.

அந்த நாடகத்தில் ஒரு ஜிப்ஸிப் பெண். சூனியக்காரி என்று தாயை ஊர் எரித்துக் கொன்றிருக்கிறது. நாடோடி, ஏழை. புகை படிந்த முகம். ஊரார் கண்ணில் பேய். அவளுக்கு ஆசிரியர் வைத்த பெயர் என்ன தெரியுமா? அசுசேனா!

யோசித்துப் பாருங்கள். வெள்ளை நிறத்துக்கென்று முந்நூறு ஆண்டுகளாகக் கவிஞர்கள் ஒதுக்கி வைத்திருந்த பெயர். மரியாளின் ஜாடியில் இருந்த பெயர். அதைத் தூக்கி ஒரு ஜிப்ஸிக் கிழவியின் தலையில் சூட்டினார் அந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், நான் நம்பமாட்டேன்.

கதை நடப்பது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரகோன் நாட்டில், அரியணைக்குச் சண்டை நடந்த காலத்தில். அந்தச் சண்டையில் வென்று 1412இல் அரசரானவர் ஃபெர்னாண்டோ. அவர் 1403இல் ஒரு வீரர் சபையை நிறுவியிருந்தார். மரியாளின் பெயரால் அமைந்த அந்தச் சபையின் சின்னம் எது? அசுசேனாப் பூக்கள் வைத்த ஜாடி! அந்த ஜாடியைக் கழுத்துப் பதக்கமாக அணிந்த பிரபுக்களின் உலகத்தில்தான், கழுத்தில் ஒன்றும் இல்லாத இந்த அசுசேனா அலைகிறாள்.

அவள் என்ன செய்தாள்? தாயை எரித்த பிரபுவின் குழந்தையைத் திருடிக்கொண்டு வந்தாள். தாய் எரிந்த அதே நெருப்பில் அந்தக் குழந்தையை வீச நினைத்தாள். கண்ணீர், வெறி, தாயின் கடைசிக் குரல். குழந்தையை எடுத்தாள், வீசினாள். திரும்பிப் பார்த்தால் பிரபுவின் குழந்தை பக்கத்தில் உயிரோடு கிடக்கிறது. எரிந்தது அவள் பெற்ற பிள்ளை.

இதற்குப் பிறகு ஒரு பெண் என்ன செய்வாள்? எதிரியின் குழந்தையை எடுத்து வளர்த்தாள். பால் கொடுத்து, காயத்துக்குக் கட்டுப் போட்டு, மகனே என்று அழைத்து வளர்த்தாள். வளர்ந்தவன் மன்ரீக்கே. கடைசியில் அந்தப் பிரபுவின் இன்னொரு மகன் அவனைப் பிடித்து, தன் சொந்தச் சகோதரன் என்று தெரியாமலேயே தலையை வெட்டச் செய்கிறான். வெட்டி முடிந்த பிறகு அசுசேனா சொல்கிறாள், அவன் உன் உடன்பிறப்பு என்று. தாய்க்குப் பழி தீர்ந்தது. அதற்கு விலை, அவள் மகனாக வளர்த்தவன்.

நம்ப முடியாத கதை என்று விமரிசகர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். இத்தாலிய இசைமேதை வெர்டி அப்படிச் சொல்லவில்லை. நாடகத்தைப் படித்தார், அசுசேனாவைப் பிடித்துக்கொண்டார். காதலன், காதலி, பிரபு எல்லோரும் அவருக்குப் பிறகுதான். ஓபராவுக்கு அவள் பெயரால் 'ஜிப்ஸி' என்றே தலைப்பு வைக்கலாமா என்றுகூட யோசித்தார். பாட்டெழுதிய கம்மரானோவுக்கு எழுதிய கடிதங்களில் இரண்டு விஷயங்களை அவர் விடாமல் வற்புறுத்துகிறார். ஒன்று, இவளுக்குள் இரண்டு பாசங்கள் மோதுகின்றன, தாய்மேல் வைத்த பாசமும் மகன்மேல் வைத்த பாசமும். மற்றொன்று, இவளைப் பைத்தியம் ஆக்கிவிடாதீர்கள். அந்தக் கடிதங்கள் போன 1851இல்தான் வெர்டியின் தாயும் இறந்துபோனார். 'இல் த்ரோவதோரே' என்ற அந்த ஓபரா 1853 ஜனவரி 19ஆம் தேதி ரோமாபுரியில் அரங்கேறியது. ஓபராவில் மெல்லிய உச்சக் குரல் நாயகிக்கு. அசுசேனாவுக்கு அடிக்குரல். அந்த அடிக்குரலைக் கேட்கத்தான் இன்றும் பலர் டிக்கெட் வாங்குகிறார்கள்.

அன்பர்களே, மேடையை விட்டு இறங்குவோம். அட்லாண்டிக் கடலைக் கடப்போம்.

அர்ஜென்டினாவில் இந்தப் பெயர் தாங்கிய ஒரு பாடகி இருந்தார், அசுசேனா மைசானி. ஆண்கள் ஆண்ட டாங்கோ இசை உலகத்தில், சில சமயம் ஆண் உடையிலேயே மேடையேறிப் பாடியவர். அவரைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இன்று பேச வேண்டியவர் வேறொருவர்.

அசுசேனா வில்லாஃப்ளோர். பெயரைக் கவனியுங்கள். வில்லா என்றால் ஊர், ஃப்ளோர் என்றால் பூ. பூவூர் லில்லி! 1924இல் புவெனோஸ் ஐரிஸை ஒட்டிய அவெசானெடா என்ற தொழிற்சாலை நகரத்தில் பிறந்தார். பதினாறு வயதில் வீட்டுச் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவரை மணந்தார். நான்கு பிள்ளைகள். அரசியல் மேடை ஏறியவர் இல்லை. வீடு, சமையல், பிள்ளைகள்.

1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரவில் கார் வரும், ஆளைத் தூக்கிக்கொண்டு போகும், காவல் நிலையத்தில் கேட்டால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்பார்கள். அந்த நவம்பர் 30ஆம் தேதி, அவருடைய மகன் நெஸ்தோரையும் அவன் மணக்கவிருந்த பெண்ணையும் தூக்கிப் போனார்கள்.

அசுசேனா அமைச்சகத்துக்குப் போனார். படைமுகாமுக்குப் போனார். பாதிரியார்களிடம் போனார். போன இடமெல்லாம் பெஞ்சில் காத்திருக்கும் வேறு தாய்மார்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியும் தனித்தனியே கெஞ்சிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது, எல்லோரும் சேர்ந்து அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்துக்குப் போவோம் என்று சொன்னவர் அவர்தான். 1977 ஏப்ரல் 30. பதினான்கு பெண்கள். அன்று சனிக்கிழமை, சதுக்கத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பிறகு கிழமையை மாற்றி வியாழக்கிழமை மாலை மூன்றரை மணி என்று வைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கூடக் கூடாது என்று சட்டம். போலீஸ்காரர் வந்தார். நிற்காதீர்கள், நடந்துகொண்டே இருங்கள் என்றார். நடக்கச் சொன்னாயா? சரி, நடக்கிறோம். இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு நடுவில் இருந்த நினைவுத் தூணைச் சுற்றி நடந்தார்கள். போலீஸ் கொடுத்த உத்தரவே போராட்ட வடிவமாக ஆகிவிட்டது! அதே ஆண்டு அக்டோபரில் லூஹான் மாதா கோயிலுக்குப் பாதயாத்திரை போனபோது, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள என்ன வழி என்று யோசித்தார்கள். பிள்ளைகளுக்குக் கட்டிய துணி அணையாடை எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது. வெள்ளைத் துணி. அதைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தத் தாய்மாரிடம் ஒரு இளைஞன் வந்தான். பொன்னிறத் தலைமுடி, நீலக் கண். குஸ்தாவோ நீன்யோ என்று பெயர் சொன்னான். நீன்யோ என்றால் குழந்தை. தன் அண்ணன் காணாமல்போய்விட்டான் என்று அழுதான். தாய்மார்கள் அவனைப் பிள்ளையாகவே நடத்தினார்கள், ஆபத்து என்று சொல்லிச் சதுக்கத்துக்கு வராதே என்று தடுத்தார்கள். அவன் உண்மைப் பெயர் அல்ஃபிரெதோ அஸ்தீஸ். கடற்படை அதிகாரி. பின்னாளில் அவனுக்கு வழங்கிய பட்டப்பெயர் பொன்முடித் தேவதூதன். ஓவியங்களில் மரியாளிடம் அசுசேனா ஏந்தி வருகிற தேவதூதரைச் சற்று முன்னால் சொன்னேன். அசுசேனாவிடம் வந்த தேவதூதன் இவன்.

அவன் காட்டிக்கொடுத்தபடி டிசம்பர் 8ஆம் தேதி சாந்தா குரூஸ் தேவாலயத்தில் கூடியிருந்தவர்களைப் பிடித்தார்கள். அசுசேனா அன்று அங்கே இல்லை. 10ஆம் தேதி, காணாமல்போனவர்களின் பெயர்களோடு தாய்மார்கள் காசு சேர்த்துக் கொடுத்த விளம்பரம் பத்திரிகையில் வெளிவந்த அதே நாள், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வைத்து அவரைத் தூக்கினார்கள். கடற்படை இயந்திரவியல் பள்ளியில் அடைத்து வைத்தார்கள். பிறகு விமானத்தில் ஏற்றிக் கடலில் தள்ளினார்கள். அலை உடலைக் கரைக்குக் கொண்டுவந்தது. பெயர் தெரியாதவர் என்று எழுதி ஹெனரல் லவாயே ஊரின் இடுகாட்டில் புதைத்துவிட்டார்கள். பெயரில் இரண்டு பூ தாங்கியவரின் குழிக்குப் பெயரில்லை.

இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2005இல், அர்ஜென்டினாவின் தடயவியல் மானிடவியல் குழு அந்தக் குழியில் கிடைத்த எலும்புகளை மரபணுச் சோதனையால் அடையாளம் கண்டது. எலும்பு முறிவுகள் உயரத்திலிருந்து விழுந்ததைக் காட்டின. பெயர் திரும்பக் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி அவருடைய சாம்பலை மே சதுக்கத்தின் தூணடியில், தாய்மார்கள் நடந்த அதே வட்டத்துக்குள் புதைத்தார்கள். மகன் நெஸ்தோர் கிடைக்கவில்லை.

அஸ்தீஸுக்கு 2011 அக்டோபரில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். புவெனோஸ் ஐரிஸின் துறைமுகப் பகுதியில் தெருக்களுக்குப் பெண்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்று அசுசேனா வில்லாஃப்ளோர் தெரு. வியாழக்கிழமை மூன்றரை மணி நடை இன்னும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் போகிற வாய்ப்புள்ள இளைஞர்கள் இந்த அவையில் இருந்தால், போகிற நாளை வியாழக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.